ஏழை ஓட்டினால் குற்றம், பணக்காரன் ஓட்டினால் விளையாட்டா?

ரஸ்தாவில் ரேஸ் விடுகிறவர்களை ஒழித்தே தீருவோம் என்று போலீஸ் அதிகாரிகள் பேட்டி கொடுப்பதும், மறுநாள் பத்திரிகைகளில் வரிசையாக நிறுத்தப்பட்ட மோட்டார் சைக்கிள்களின் படம் வருவதும் இப்போது வாடிக்கையாகிவிட்டது. சில நகரங்களில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். வண்டிகளிலிருந்து கழற்றிய சைலன்சர்களை நடுரோட்டில் பரப்பி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கி, அதையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். படத்தைப் பார்த்த நடுத்தர வர்க்கத்து ஜனங்களும், "ஆகா, சட்டம் தன் கடமையைச் செய்கிறது" என்று மகிழ்ந்து போகிறார்கள்.

சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது யார் வீட்டு வாசலில் செய்கிறது, யார் வீட்டு வாசலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது என்பதைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

எங்கள் வட்டாரத்துப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் கதையை முதலில் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இரண்டாவது ஷிப்ட் முடிந்து, உடம்பெல்லாம் பஞ்சுத் தூசியோடு நடுராத்திரியில் வீடு திரும்புகிறவர். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. மில் நிர்வாகமும் வண்டி விடுவதில்லை. கடன் வாங்கி, மூன்று கை மாறிய ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியிருந்தார். அதன் சைலன்சர் துருப்பிடித்து உடைந்துபோயிற்று. கம்பெனி சைலன்சர் வாங்க வேண்டுமானால் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்காரர் கடையில் கிடைத்த மலிவுச் சரக்கு ஒன்றை மாட்டிக் கொடுத்தார். அது சத்தம் போட்டது. அவ்வளவுதான் குற்றம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, பைபாஸ் ரஸ்தாவில் ரேஸ் விடும் பையன்களைப் பிடிக்கப் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தது. ரேஸ் விட்டவர்கள் தூரத்திலேயே வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பிப் பறந்துவிட்டார்கள். மாட்டியவர் நம் தோழர். "ஐயா, மில்லிலிருந்து வருகிறேன், இதோ அடையாள அட்டை" என்றார். "எல்லாரும் இதைத்தான்டா சொல்றீங்க" என்று பதில் வந்தது. நாற்பது வயது மனிதனுக்கு 'டா'! வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு, அந்த ராத்திரியில் ஏழு கிலோமீட்டர் நடந்தே வீடு போனார். வண்டியை மீட்க நாலு நாள் அலைந்தார். நாலு நாள் சம்பளம் போயிற்று. அபராதம் தனி. அன்றைய கணக்கில் 'ரேஸ் விட்ட வண்டிகள்' என்ற தலைப்பில் அவருடைய வண்டியும் ஒன்று.

இப்படிப் பிடித்துத்தான் ரேஸை ஒழிக்கப் போகிறார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

நான் பத்தாவது வரை படித்தவன். வக்கீல் தோழர் ஒருவரிடம் சட்டப் புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் கேட்டுக்கொண்டேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவுதான் ரேஸ் பற்றியது. முன்பு முதல் தடவை குற்றத்துக்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

52ஆவது பிரிவு வண்டியை மாற்றி அமைப்பது பற்றியது. கம்பெனி எப்படிச் செய்து கொடுத்ததோ, பதிவுப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ, அதற்கு மாறாக உரிமையாளர் மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்து தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மீறினால் 182-அ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அளவுக்கு மீறிய சத்தமும் புகையும் விட்டால் 190ஆவது பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

ஐயாயிரம் என்றால் என்ன கணக்கு? 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். ஐயாயிரத்தைக் கட்ட ஒரு விவசாயத் தொழிலாளி ஏறக்குறைய 16 நாள் மண் வெட்ட வேண்டும். பத்தாயிரம் என்றால் ஒரு மாதம். கோடி ரூபாய் காரில் போகிறவனுக்கும் இதே ஐயாயிரம்தான். அவனுக்கு அது ஒரு ராத்திரி ஓட்டல் பில்லுக்குக் காணாது. எழுத்தில் சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவனுக்கு அது கொசுக்கடி, இன்னொருவனுக்கு வயிற்றில் அடி.

இது போகட்டும். 189ஆவது பிரிவில் முக்கியமான சில வார்த்தைகள் இருக்கின்றன. அதைப் பேட்டி கொடுக்கும் அதிகாரிகள் யாரும் சொல்வதில்லை. பொது இடத்தில் ரேஸ் விடுவது குற்றம் என்று மொட்டையாக அந்தப் பிரிவு சொல்லவில்லை. மாநில சர்க்காரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ரேஸ் விடுவதுதான் குற்றம் என்று சொல்கிறது! வெள்ளைக்காரன் 1939இல் போட்ட மோட்டார் சட்டத்திலேயே ரேஸுக்குத் தடையும் உண்டு, சர்க்கார் சம்மதம் என்ற வாசலும் உண்டு. சுதந்திர சர்க்காரும் அந்த வாசலை அப்படியே வைத்துக்கொண்டது.

அந்த வாசல் வழியாகப் போகிறவர்கள் யார்? பார்ப்போம்.

தீவுத்திடலில் என்ன நடந்தது?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரண்டு நாள், சென்னை நகரின் நடுவே, பொதுச் சாலையிலேயே ராத்திரி நேரத்தில் கார் ரேஸ் நடந்தது. பார்முலா 4 என்று பெயர். தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் ரஸ்தா. கொடிமரச் சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று நாமெல்லாம் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போகிற அதே சாலைகள். ரேஸுக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டார்கள். மாநில சர்க்காரின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் கம்பெனியும் சேர்ந்து நடத்தின. சர்க்கார் தரப்பிலிருந்து 40 கோடி ரூபாய் அளவில் செலவிட முன்வந்தார்கள்.

முதலில் இதை 2023 டிசம்பரில் நடத்துவதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து சென்னை வெள்ளத்தில் மிதந்ததால்தான் தள்ளிப்போயிற்று. வழக்கும் நடந்தது. சென்னை உயர்நீதிமன்றம் நிபந்தனைகள் விதித்து அனுமதி கொடுத்தது. ஆகவே நடந்தது சட்டப்படி சரிதான். எழுத்து மூலமான சம்மதம் இருந்ததல்லவா?

"பேசாதே! அங்கே வேலி போட்டார்கள், டாக்டர் இருந்தார், ஆம்புலன்ஸ் இருந்தது, தீயணைப்பு வண்டி இருந்தது, பயிற்சி பெற்றவர்கள் ஓட்டினார்கள். உன் சேரிப் பையன் ஹெல்மெட் இல்லாமல் மெரினாவில் விடுகிற ரேஸும் அதுவும் ஒன்றா?" என்று சில கனவான்கள் கேட்பார்கள்.

ஒன்றல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். வேலி போட்டு ஓட்டுவது வேறு, நடமாடும் ஜனங்களின் நடுவே ஓட்டுவது வேறு. முதல் நாள், சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பின் பாதுகாப்புச் சான்று வருவதற்குத் தாமதமாயிற்று. சான்று வரும்வரை கார்கள் காத்துக் கிடந்தன. சரியான காரியம். நாம் கேட்பது வேறு. வேகம் என்பது வேலியும் டாக்டரும் இருந்தால் விளையாட்டு, இல்லாவிட்டால் சாவு என்று உங்களுக்கே தெரிகிறது. அப்படியானால் வேலியையும் டாக்டரையும் பணமுள்ளவனுக்கு மட்டும் ஏன் கொடுக்கிறீர்கள்? பணமில்லாதவன் பிள்ளைக்குத் தடியும் லாக்கப்பும் மட்டும் ஏன்? 40 கோடியில் ஒரு கோடியை எடுத்து, வடசென்னை வாலிபர்களுக்கு ஒரு மைதானம் போட்டுக் கொடுத்திருந்தால் கஜானா காலியாகிவிடுமா?

மில் முதலாளியும் லேத் பட்டறையும்

கோயமுத்தூர்த் தோழர்களுக்கு இந்தச் சங்கதி இன்னும் நன்றாகத் தெரியும். இந்தியாவின் மோட்டார் பந்தயச் சரித்திரத்தில் கோவைக்குப் பெரிய இடம் உண்டு. ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் என்பவர் மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து ஒற்றை ஆள் ஓட்டும் பந்தயக் கார் கட்டினார். 1988இல் வந்த அந்த 'பார்முலா மாருதி' கார்களை ஓட்டித்தான் பலர் ரேஸ் கற்றார்கள். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தய மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் மூளையையும் உழைப்பையும் நாம் குறை சொல்லவில்லை. பாராட்ட வேண்டிய வேலைதான்.

ஆனால் அதே கோவையில், லேத் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பையனுக்கும் மூளை உண்டு, கையில் வித்தை உண்டு. பழைய எஞ்சினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, பிஸ்டனைத் தேய்த்து, செத்த வண்டிக்கு உயிர் கொடுக்க அவனுக்கும் தெரியும். அவனுக்குச் சொந்த ஷெட் இல்லை, நிலம் இல்லை, மைதானத்துக்குக் கட்ட பணம் இல்லை. இருப்பது பைபாஸ் ரஸ்தா ஒன்றுதான். ஆகவே ஒருவன் செய்தால் என்ஜினீயரிங். இன்னொருவன் செய்தால் 182-அ!

சென்னைப் பக்கத்திலும் இதே கதைதான். உலக யுத்தத்தில் விமானம் இறங்கப் போட்ட சோழவரம் ஓடுபாதையில் பல வருஷங்கள் மோட்டார் பந்தயம் நடந்தது. சென்னையிலிருந்து சாதாரண ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நல்ல மைதானம் வந்தது. அங்கே வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும், பாதுகாப்பு உடை வேண்டும், வண்டியைக் கொண்டுபோக வேறொரு வண்டி வேண்டும். பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் பூட்டும் காண்டிராக்ட் தொழிலாளியின் மகனுக்கு அந்த மைதானத்தின் மதில் சுவர் மட்டுமே தெரியும். உள்ளேயிருந்து வரும் சத்தம் மட்டுமே கேட்கும்.

பணக்காரன் கார் மோதினால்?

இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்துகிறேன்.

2016 செப்டம்பரில், சென்னை கதீட்ரல் ரோட்டில், விடியாத நேரத்தில் ஒரு போர்ஷே கார் வேகமாக வந்து வரிசையாக நின்ற ஆட்டோக்களில் மோதியது. ஒரு டஜன் ஆட்டோக்கள் நொறுங்கின. ஓர் ஆட்டோ டிரைவர் உயிர் போயிற்று. பலர் காயம்பட்டார்கள். காரை ஓட்டிய வாலிபர் பந்தயங்களில் கலந்துகொள்கிறவர். குடித்துவிட்டு ஓட்டினார் என்று போலீஸ் வழக்குப் போட்டது. அந்த ஆட்டோக்காரர் யாரோடும் பந்தயம் விடவில்லை. காலையில் சவாரி கிடைக்கும் என்று வண்டியை ஓரமாக நிறுத்தியிருந்தவர்.

2024 மே 19ஆம் தேதி, பூனாவில், இன்னொரு போர்ஷே. பணக்கார வீட்டுப் பிள்ளை, வயது 17. நடுராத்திரிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் போன இருவரை மோதிக் கொன்றான். இறந்த இருவரும் 24 வயது கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள், ஒருவர் பெண். கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள அந்தக் காருக்கு நம்பரே கிடையாது. பதிவுக் கட்டணம் வெறும் 1,758 ரூபாய் கட்டாததால் பதிவு முடியாமல் கிடந்ததாம்! நம் தோழரின் பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் குனிந்து பார்க்கும் கண்களுக்கு, நம்பரில்லாத அந்தக் கார் தெரியாமல் போய்விட்டது.

பிறகு நடந்தது இன்னும் கேவலம். சில மணி நேரத்துக்குள் ஜாமீன். நிபந்தனை என்ன? சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம்! இரண்டு உயிருக்கு 300 வார்த்தை. ஓர் உயிருக்கு 150 வார்த்தை! நாடே கொதித்தெழுந்த பிறகுதான், மூன்று நாள் கழித்து, அந்த ஜாமீனை மாற்றிக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். குடித்திருந்தானா என்று பார்க்க எடுத்த ரத்தத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவமனை டாக்டர்கள் கைதானார்கள். பணம் ரத்தத்தின் நிறத்தைக்கூட மாற்றிவிடும் என்று இத்தனை நாள் பேச்சுக்குச் சொன்னோம். அங்கே போலீசே அதைக் குற்றச்சாட்டாக எழுதியிருக்கிறது.

இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2022இல் சென்னையில் பைக் ரேஸ் வழக்கில் சிக்கிய ஒரு வாலிபனுக்கு ஜாமீன் கொடுத்த உயர்நீதிமன்றம், அரசு மருத்துவமனையின் விபத்து வார்டில் ஒரு மாதம் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனை. கையும் காலும் போனவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் எந்தப் பையனுக்கும் புத்தி வரும். இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த வாலிபன் யாரையும் கொன்றவன் அல்ல. அவனுக்கு ஒரு மாதம் வார்டு வேலை. இரண்டு பேரைக் கொன்ற போர்ஷே வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கட்டுரை. இதுதான் சமத்துவமா?

நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவு சொன்ன பிறகு, நம் வீட்டு வாலிபர்களிடமும் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. பேசாமல் விட்டால் அது வஞ்சகம்.

சர்க்கார் கணக்கே சொல்கிறது: 2022ஆம் ஆண்டு ஒரே வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலிடம்: 64,105. நாடு முழுவதும் செத்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் செத்தார்கள். அவர்கள் யார்? நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். காரில் ஏர்பேக் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலோர் அல்ல. ஷிப்ட் முடிந்து போன தொழிலாளி, களை எடுத்துவிட்டு ரோட்டைக் கடந்த அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை. சாகிறவன் நம் வர்க்கம்.

போன வருஷம் எங்கள் லயனில் ஒரு சாவு. மில் தோழர் ஒருவரின் ஒரே மகன். ஐ.டி.ஐ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், வயது 19. யாரோ பந்தயம் கட்டினார்கள் என்று ராத்திரி பைபாஸில் வண்டி விட்டான். லாரியின் பின்புறத்தில் மோதினான். மார்ச்சுவரியிலிருந்து உடலை வாங்கிவர நானும் போயிருந்தேன். தகப்பனார் அழவில்லை. பையனின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "சைக்கிள் போதும்னு சொன்னேன் தோழர், சைக்கிள் போதும்னு சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தயம் கட்டியவன் மார்ச்சுவரிக்கு வரவில்லை. போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கையிலும் அவன் பெயர் இல்லை.

தம்பிமார்களே, இதை யோசித்துப் பாருங்கள். சென்னை வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில் ஆட்டோ ரேஸ் நடத்துகிறார்கள். சூது கட்டுகிறார்கள். பணத்தைக் கட்டுகிறவன் ஒருவன். உயிரைக் கட்டுகிறவன் இன்னொருவன். ஜெயித்தால் அவன் பையில் பணம். தோற்றால் உன் வீட்டில் பாடை. இது வீரமா? வீரத்தைக் காட்ட வேறு இடமா இல்லை? மேஸ்திரி உன் அக்காவைக் கை நீட்டிப் பேசும்போது எதிர்த்து நிற்பது வீரம். கூலியைக் குறைத்தவன் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பது வீரம். கம்பெனி விளம்பரத்தைப் பார்த்து முன் சக்கரத்தைத் தூக்கி, ரோட்டோரம் நடந்து போகிற கூலிக்காரக் கிழவி மேல் விழுவது வீரமல்ல.

பெரிய திருடன் எங்கே?

கம்பெனி விளம்பரம் என்றேன். அதைக் கொஞ்சம் பார்ப்போம். 2023 நவம்பரில் சென்னைப் போலீஸ் அறிவித்த வரம்பின்படி, நகரத்தில் மோட்டார் சைக்கிளின் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். ஆனால் கடைகளில் 100, 150 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் வண்டிகளை வாலிபர்களுக்குத் தவணையில் விற்கிறார்கள். விளம்பரத்தில் வண்டி மலைச்சரிவில் பறக்கிறது. கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், நிபுணர்கள் செய்தது, நீங்கள் முயலாதீர்கள் என்று போடுகிறார்கள். நெருப்பைக் கையில் கொடுத்துவிட்டு, சுடும் என்று சின்ன எழுத்தில் எழுதிவைப்பது போல!

சத்தம் போடும் சைலன்சர் ஆகாயத்திலிருந்து விழுந்ததா? அதைச் செய்த பட்டறை உண்டு. மொத்தமாக வாங்கி விற்ற வியாபாரி உண்டு. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பகிரங்கமாக விற்கும் கடை உண்டு. 182-அ பிரிவு இவர்களையும் விடவில்லை. சட்டத்துக்கு மாறான வண்டியை விற்கும் கம்பெனிக்காரனுக்கும் டீலருக்கும் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது வண்டி ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்கிறது. பாதுகாப்புக்கு முக்கியம் என்று அறிவித்த உதிரிப் பாகத்தைத் தரமில்லாமல் விற்கிறவனுக்கும் அதே போல 1 லட்சம் என்கிறது. விதிகளை மீறும் உற்பத்திக் கம்பெனிக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்றும் எழுதியிருக்கிறது!

நூறு கோடி! எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஐயாயிரம் ரூபாய்ப் பிரிவுக்கு ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தடுப்புப் போடுகிறார்கள். நூறு கோடி ரூபாய்ப் பிரிவுக்கு யார் தடுப்புப் போடுகிறார்கள்? ரோடு ரோலருக்கு அடியில் வாங்கியவனின் சைலன்சர் நசுங்குகிறது. விற்றவனின் கடை நசுங்கியதைப் படத்தில் பார்த்தவர் உண்டா?

நமக்கென்ன என்று இருக்கலாமா?

கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம்: நம்மிடம் காரும் இல்லை, ரேஸும் இல்லை, நமக்கென்ன இதில் என்று. இருக்கிறது. நம் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு நாலு வழிச் சாலை போகிறது. இந்தப் பக்கம் குடியிருப்பு, அந்தப் பக்கம் வயல். கடந்து போகப் பாலம் இல்லை, விளக்கு இல்லை. வாரக் கடைசியில் பணக்காரப் பிள்ளைகள் சீறிக்கொண்டு வரும் அந்தச் சாலையைத்தான் நம் பெண்கள் தலையில் புல்லுக்கட்டோடு கடக்கிறார்கள். நடவுக்குப் போக பஸ் இல்லாமல் சரக்கு வண்டியில் ஏறினால், அங்கேயும் சட்டம் கை நீட்டி நிறுத்துகிறது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆபத்துத்தான். ஆனால் பஸ் விடாத சர்க்காருக்கு எந்தப் பிரிவில் அபராதம்?

மீன்பாடி வண்டிக்காரரும் அப்படித்தான். பழைய எஞ்சினை மூன்று சக்கர வண்டியில் பூட்டி, மூட்டையும் சாமானும் ஏற்றிப் பிழைக்கிறார். அதுவும் பதிவில்லாத, மாற்றி அமைத்த வண்டிதான். ஆபத்தானதுதான். ஆனால் அவர் ஆசைக்காகச் செய்யவில்லை, அரிசிக்காகச் செய்தார். வண்டியைப் பறிப்பதற்கு முன்னால், பிழைக்க வேறு வண்டிக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்ற வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

1. ரேஸுக்குச் சூது கட்டுகிறவனையும், நடத்துகிறவனையும், வண்டி கொடுக்கிறவனையும் முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும்.

2. சட்ட விரோதமான சைலன்சரையும் போலி உதிரிப் பாகங்களையும் செய்கிற, விற்கிற இடங்களில் முதலில் சோதனை போட வேண்டும்.

3. பழைய வண்டியில் மலிவுச் சைலன்சர் மாட்டிய தொழிலாளியை ரேஸ்காரனாகக் கணக்கெழுதக் கூடாது. எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து, பழுது பார்க்கத் தவணை கொடுக்க வேண்டும். சரி செய்து காட்டியதும் வண்டியை விட்டுவிட வேண்டும். வேலைக்குப் போகிற வண்டியைப் பிடித்து வைப்பது கூலியைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

4. அபராதம் வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். அடி, வசை, 'வாடா போடா' கூடாது.

5. ராத்திரி ஷிப்ட் நடத்தும் ஒவ்வொரு மில்லும் தொழிலாளர்களுக்குப் பஸ் விட வேண்டும்.

6. வேகத்தில் ஆசையுள்ள வாலிபர்களுக்கு, தொழில் நகரங்களில் சர்க்கார் நிலத்தில், வேலியும் டாக்டரும் உள்ள மைதானங்களை ஏழைக்கு எட்டும் கட்டணத்தில் திறக்க வேண்டும். நகரின் நடுவே ரேஸ் நடத்தக் கோடிகள் கிடைக்கும்போது இதற்கும் கிடைக்கும்.

7. ஊரைப் பிளக்கும் சாலைகளில் நடைபாலமும் விளக்கும் வேகத்தடையும் போட வேண்டும்.

இவை நியாயமான கோரிக்கைகள். இவற்றில் ஒன்றுகூடச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள், நேராகப் பிடியுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த முறை உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், தோழர்களே, அருகில் போய்ப் பாருங்கள். அந்த வரிசையில் ஒரு போர்ஷே இருக்கிறதா என்று தேடுங்கள். சாப்பாட்டுத் தூக்குச்சட்டி தொங்கும் வண்டிகள் எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கொண்டு, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, உள்ளே போய்க் கேளுங்கள்.